சிரிக்க வைத்தவர்களும் சோதித்தவர்களும்

ஹாஸ்யப் படம் பார்க்கப் போவது கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காருவதைப் போன்ற காரியம். சமையல் பிரமாதம் என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டுத்தான் போய் உட்காருகிறோம். இலை போட்டாயிற்று, தண்ணீரும் தெளித்தாயிற்று. அப்புறம் ரசம் கொண்டு வர வேண்டியவர் மோர் வருகிற நேரம் வரைக்கும் தலையையே காட்டவில்லை என்றால் எப்படி இருக்கும்? அழுகைப் படம் சுமாராக இருந்தால், "பாவம், ஏதோ கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறார்கள்" என்று மன்னித்து விடுகிறோம். சிரிக்க வைக்கிறேன் என்று அழைத்துவிட்டுச் சோதித்து அனுப்புகிறவரை மட்டும் மன்னிக்க மனம் வருவதில்லை.

சமீபத்தில் மூன்று நாள் லீவு சேர்ந்தாற்போல் வந்தது. ரயிலில் இடம் கிடைக்காததால் வெளியூர்ப் பயணம் ரத்தாயிற்று. அதற்குப் பதில், பழைய சிரிப்புப் படங்களை வீட்டு டெலிவிஷனில் வரிசையாகப் போட்டுப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. சபையோர் ஐந்து பேர். 78 வயதான பெரியம்மா, அக்கா, அத்தான், காலேஜில் படிக்கும் அவர்கள் மகள், பிறகு நான். வேலை சிரிப்பது என்றாலும் நான் ஓரக்கண்ணால் மற்ற நாலு பேரையும் கவனித்துக் கொண்டுதான் இருந்தேன். யார் எந்த இடத்தில் சிரிக்கிறார்கள், யார் எந்த இடத்தில் எழுந்து அடுப்படிக்குப் போகிறார்கள் என்று பார்த்தாலே போதும். படத்தின் யோக்கியதை தெரிந்துவிடும். விமரிசனம் தனியாக எழுத வேண்டியதே இல்லை.

முதலில் 'சபாபதி'. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். ஏ.டி. கிருஷ்ணசாமியும் ஏ.வி. மெய்யப்பனும் சேர்ந்து டைரக்ட் செய்த படம். 1941 டிசம்பரில், ஜப்பான் யுத்தத்தில் குதித்த அதே மாதத்தில், வெளியாயிற்று. எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. பணக்கார வீட்டு அசட்டுப் பிள்ளையாக டி.ஆர். ராமச்சந்திரன் அந்த முட்டைக் கண்களை உருட்டிக் கொண்டு வருகிறார். சொன்ன வார்த்தையை எழுத்துக்கு எழுத்து அப்படியே நிறைவேற்றி வைக்கிற வேலைக்காரன், காளி என். ரத்னம். ஒலி கரகரவென்றிருக்கிறது, காமிரா நாடக மேடைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது போல் அசையாமல் இருக்கிறது. ஆனாலும் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையும் சிரித்தது!

என்ன சூட்சுமம் என்று யோசித்தேன். காளி என். ரத்னம் தாம் ஹாஸ்யம் செய்வதாக ஓர் இடத்திலாவது காட்டிக் கொள்கிறாரா என்று பாருங்கள். கிடையாது. எஜமானுக்கு மகத்தான சேவை செய்துவிட்ட திருப்திதான் முகத்தில் தெரிகிறது. திட்டுகிற எஜமானோ பரீட்சை தேறாத பேர்வழி. ஒரு முட்டாள் இன்னொரு முட்டாளைத் திருத்தப் பார்க்கிறான். இரண்டு பேருமே தத்தம் புத்திசாலித்தனத்தில் அபார நம்பிக்கை உள்ளவர்கள். இதற்கு மேல் என்ன வேண்டும்? நடுவில் அகப்பட்டுக் கொண்டு விழிக்கும் தமிழ் வாத்தியாராகக் கே. சாரங்கபாணி வருகிறார். அவரைப் பார்த்துத்தான் பெரியம்மா அதிகம் சிரித்தாள். அவள் 31 வருஷம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவள்.

அந்தக் காலத்துப் பெரும்பாலான படங்களில் ஹாஸ்யம் தனிச் சமையல். கதாநாயகன் ஒரு பக்கம் உருகிக் கொண்டிருப்பான். ஹாஸ்ய ஜோடி இன்னொரு பக்கம் தன் பாட்டுக்குத் தன் கடையை நடத்திக் கொண்டிருக்கும். என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்துக் கொள்வார்கள் என்பது பிரசித்தம். கதை மோசமாக இருந்தாலும் அவர்கள் வருகிற அரை மணிக்காக ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். அந்தக் கலைவாணரையே கதையின் நடுவில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தார்கள்: 'நல்லதம்பி', 1949. கிருஷ்ணன்–பஞ்சு டைரக்ஷன். ஹாலிவுட்டில் ஃபிராங்க் காப்ரா 1936-இல் எடுத்த 'மிஸ்டர் டீட்ஸ் கோஸ் டு டவுன்' என்ற படத்தைத் தழுவி அண்ணாதுரை எழுதியது. திடீரென்று பெரிய சொத்துக்கு வாரிசாகிவிடும் ஒரு நல்ல மனிதனின் கதை. மதுவிலக்குப் பிரசாரம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று அத்தான் முணுமுணுத்தார். இருக்கட்டுமே! 'கிந்தனார்' காலட்சேபம் வருகிற இடத்தில் அவரும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிற்க. எனக்கு அத்தனை ஹாஸ்யப் படங்களிலும் பிடித்தது 'மிஸ்ஸியம்மா'.

1955-இல் விஜயா புரொடக்ஷன்ஸ் நாகிரெட்டி–சக்கரபாணி தயாரிப்பில் எல்.வி. பிரசாத் டைரக்ட் செய்த படம். ஒரே சமயத்தில் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்றும் தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்றும் எடுத்தார்கள். முதலில் பானுமதியை வைத்துச் சில ரீல்கள் படமும் பிடித்து, பிறகு அபிப்பிராய பேதம் வந்து, இரண்டாவது வேஷத்துக்கு இருந்த சாவித்திரி கதாநாயகியானார். சாவித்திரிக்கு என்று இருந்த இடத்துக்கு ஜமுனா வந்தார். அதிருஷ்டம் யார் வீட்டுக் கதவை எப்போது தட்டுகிறது, பாருங்கள்!

கதை வங்காளத்துச் சரக்கு. வேலையில்லாத ஒரு வாலிபனும் வேலையில்லாத ஒரு பெண்ணும். ஜமீன்தார் ஒருவர் தம் பள்ளிக்கூடத்துக்குக் கணவன் மனைவியாக இரண்டு ஆசிரியர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். அவன் இந்து, அவள் கிறிஸ்தவப் பெண். வேலைக்காகத் தம்பதியாக நடிப்பது என்று ஒப்பந்தம். போய்ச் சேர்ந்தால், ஜமீன்தாரும் அவர் மனைவியும் (எஸ்.வி. ரங்காராவும் ருஷ்யேந்திரமணியும்) சொந்தப் பெண், சொந்த மாப்பிள்ளை என்று கொண்டாடுகிறார்கள். அன்பு தாங்க முடியவில்லை. வைதால் திருப்பி வையலாம். இப்படி உபசாரம் செய்தே கொல்கிறவர்களை என்ன செய்வது?

இதில் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவனித்தீர்களா? கடன். அந்தப் பெண் மேரிக்குக் கட்ட வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. கொடுத்தவன் டேவிட், நம்பியார் அந்த வேஷத்தில் பல்லைக் காட்டிக் கொண்டு துரத்துகிறார். மாசச் சம்பளம் வந்தால்தான் அவள் தப்பிக்க முடியும். ஆகவே, முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரே வீட்டில் தங்கிக் கொண்டு, பொட்டு வைத்தால் கோபம், பூ வைத்தால் கோபம் என்று பல்லைக் கடித்துக் கொண்டு நாளைத் தள்ளுகிறாள். சாவித்திரி கோபப்படும்போதெல்லாம் நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் கோபம் நியாயமான கோபம்! வேலைக்காக எத்தனையோ பெண்கள் எத்தனையோ இடத்தில் முகத்தை மாற்றி வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஜெமினி கணேசன், போகட்டும் போகட்டும் என்று ஒரு மாதிரிச் சிரிப்புடன் சமாளித்துக் கொண்டே போகிறார். பிறகு ஜமீன்தாரின் இளைய பெண்ணுக்கு அவன் பாட்டுச் சொல்லிக் கொடுக்கப் போக, இவளுக்குக் காரணம் சொல்ல முடியாத பொறாமை வருகிறது. மனைவி அல்லவே, எந்த உரிமையில் கோபித்துக் கொள்வது? அந்தச் சில காட்சிகளில் சாவித்திரியின் கண்ணையும் உதட்டையும் பார்த்துக் கொண்டிருந்தால் போதும். சிரிப்பும் வருகிறது, என்னவோ செய்கிறது.

முடிவுதான் எனக்கு உடன்பாடில்லை. மேரி என்பவள் உண்மையில் ஜமீன்தாரின் காணாமற்போன மூத்த பெண்ணாம்! துப்பறியும் மருமான் தங்கவேலு அதைக் கண்டுபிடித்து விடுகிறார். வேறு வேறு மதம், வேறு வேறு பழக்கம் என்று இரண்டு மணி நேரம் மெனக்கெட்டுப் பின்னிய சிக்கல், ஒரே மச்ச அடையாளத்தில் அவிழ்ந்து போகிறது. "அவள் மேரியாகவே இருந்தால் என்னவாம்?" என்றாள் அக்கா மகள். சக்கரபாணி பதில் சொல்லியிருக்க வேண்டிய கேள்வி.

மறுநாள் ஸ்ரீதர் நாள்.

ஸ்ரீதரை நம் அம்மாக்கள் கைக்குட்டை டைரக்டர் என்றுதான் அறிந்திருந்தார்கள். 1959-இல் 'கல்யாணப் பரிசு', 1962-இல் 'நெஞ்சில் ஓர் ஆலயம்'. இரண்டும் கண்ணீரில் நனைந்த படங்கள். ஆனால் 'கல்யாணப் பரி'சை மறுபடி பார்க்கும்போது, ஜெமினியின் தியாகத்தைவிடத் தங்கவேலுவின் பொய்கள்தான் புதுக் கருக்கு அழியாமல் இருக்கின்றன. வேலை இல்லாத புருஷன், மன்னார் அண்டு கம்பெனியில் உத்தியோகம் என்று பெண்டாட்டியிடம் அளக்கிறான். அது சாயம் வெளுத்ததும், எழுத்தாளர் பைரவன் நான்தான் என்று ஒரே போடாகப் போடுகிறான். பெண்டாட்டியாக எம். சரோஜா, நிஜ வாழ்க்கையிலும் இருவரும் கல்யாணம் செய்து கொண்டார்கள். பத்திரிகை ஆபீஸில் வேலை பார்க்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: பைரவன்கள் இன்றும் இருக்கிறார்கள். வாரத்துக்கு ஒருவராவது வந்து போகிறார்.

அந்தப் பகுதியை எழுதியதில் ஸ்ரீதருக்குத் துணை, செங்கற்பட்டுப் பள்ளித் தோழர் கோபு. இருவரும் சேர்ந்து, "அழுகை போதும், முழுக்கச் சிரிப்பாகவே ஒன்று செய்வோம்" என்று துணிந்ததுதான் 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'. ஈஸ்ட்மன் கலர். வின்சென்டின் காமிரா. ஆழியாறு, கடற்கரை, கார், விஸ்வநாதன்–ராமமூர்த்தி. இதெல்லாம் எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த விஷயங்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு: இந்தப் படத்தில் தனிச் சமையல் கிடையாது. நாகேஷ் வேலைக்காரனோ தோழனோ அல்ல, அந்த வீட்டுப் பிள்ளை. சினிமாப் படம் எடுக்கப் போகிறேன் என்று 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' ஆரம்பித்துவிட்டு, கையில் காலணா இல்லாமல் அப்பாவைச் சுற்றிச் சுற்றி வருகிறான். அப்பா, சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன், டி.எஸ். பாலையா. அவருக்கு இரண்டு பெண்களையும் பணக்கார இடத்தில் தள்ளிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் லட்சியம்.

நாகேஷ் அப்பாவிடம் பேய்க் கதை சொல்லுகிற காட்சியைப் பற்றிப் பேசாத தமிழ் வீடு உண்டா? எல்லோரும் நாகேஷை மெச்சுகிறார்கள். மெச்ச வேண்டியதுதான், வாயாலேயே ஓசைகளை எழுப்பிக் கொண்டு, உடம்பை ரப்பராக வளைத்துக் கொண்டு, ஒரு மனிதர் ஒரு முழுப் படத்தையே நடத்திக் காட்டுகிறார். ஆனால் இந்தத் தடவை நான் நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பார்த்தேன். நீங்களும் ஒரு தடவை அப்படிப் பாருங்கள். முதலில், "பையன் ஏதோ உளறுகிறான், கேட்டு வைப்போம்" என்ற அலட்சியம். பிறகு ஒரு சின்ன அசைவு. அப்புறம் பயம் கணுக்காலில் ஏறி, முழங்காலில் ஏறி, கழுத்து வரைக்கும் வந்துவிடுகிறது. பணக்காரர், எஸ்டேட் முதலாளி, குடும்பத் தலைவர் எல்லாம் கழன்று விழுந்து, இருட்டுக்குப் பயப்படுகிற ஒரு குழந்தை அங்கே உட்கார்ந்திருக்கிறது. கதை சொல்கிறவரிடம் பாதிச் சிரிப்புத்தான் இருக்கிறது. மீதிப் பாதியைக் கேட்கிறவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிற தைரியம் ஸ்ரீதருக்கு இருந்தது.

ரவிச்சந்திரனுக்கு அது முதல் படம். பணக்காரச் சிதம்பரத்தின் பிள்ளை என்று அவர் புளுகிய நிமிஷத்திலிருந்து பாலையாவின் குரலில் தேன் வடிகிறது. கொஞ்ச நேரம் முன்னால்தான் அதே வாலிபனைத் துரத்தியடித்தார்! அப்பா சிதம்பரமாகக் கிழவர் வேஷம் கட்டிக் கொண்டு முத்துராமன் வருகிறார். வந்த வீட்டில் இருப்பவளோ அவருடைய சொந்தக் காதலி காஞ்சனா. இருமிக் கொண்டே காதலியைப் பார்த்து விழிக்க வேண்டிய நிலைமை. பொய்க்கு மேல் பொய், அதற்கு மேல் இன்னொரு பொய் என்று அடுக்கிக் கொண்டே போகிறார்கள். அடியில் ஒன்று சரிந்தால் எல்லாம் சரியும். நாம் சிரித்துக் கொண்டே, "ஐயோ, மாட்டிக் கொள்ளப் போகிறார்களே!" என்று பயப்படுகிறோம். அந்தப் பயம் இல்லாவிட்டால் சிரிப்பு இல்லை.

அதே ஸ்ரீதர், அதே கோபு, அதே பாலையா, அதே முத்துராமன், அதே நாகேஷ். மூன்று வருஷம் கழித்து, 1967 தீபாவளிக்கு 'ஊட்டி வரை உறவு'. இந்தத் தடவை நடுவில் சிவாஜி கணேசன். பாட்டுக்கள் அருமை, ஊட்டி அழகு, கே.ஆர். விஜயாவின் சிரிப்பு அதைவிட அழகு. படம் நன்றாகவே ஓடியது. ஆனால் எங்கள் வீட்டில் சிரிப்பு ஓடவில்லை. அக்கா இரண்டு தடவை எழுந்து போய்த் துணி உலர்த்திவிட்டு வந்தாள். சிவாஜி எத்தனை பெரிய நடிகர் என்பதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சந்திரபாபுவுடன் சேர்ந்து 1958-இல் 'சபாஷ் மீனா'வில் அவர் அடித்த கூத்தும் தெரிந்ததுதான். அதில் சந்திரபாபுவுக்கு இரட்டை வேஷம். மெட்ராஸ் பாஷை பேசும் ரிக்ஷாக்காரராக வருகிற சந்திரபாபு, கதாநாயகனை விழுங்கிவிடுகிறார். சிவாஜியும் அதை விட்டுக் கொடுத்திருக்கிறார். 'ஊட்டி வரை உறவி'லோ கதை நட்சத்திரத்துக்காக அங்கங்கே நின்று நின்று காத்திருக்கிறது. ஹாஸ்யம் என்பது கொதிக்கிற எண்ணெய். அடுப்பை அணைத்து அணைத்து ஏற்றினால் பூரி உப்புமா?

ஸ்ரீதர் வருத்தப்பட வேண்டியதில்லை. அதே 1967-இல்தான் சார்லி சாப்ளினும் சறுக்கி விழுந்தார். 'எ கவுண்டெஸ் ஃபிரம் ஹாங்காங்'. மார்லன் பிராண்டோ, சோபியா லாரன். கப்பல் அறையில் ஒளிந்து கொண்ட ஒரு பெண்ணை வைத்துக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாகப் படம் போகிறது. பிராண்டோ ஒவ்வொரு தடவையும் கதவைத் திறக்கப் போவது, வீட்டு வாடகை கொடுக்கப் போகிறவர் மாதிரி இருக்கிறது. சாப்ளின் டைரக்ட் செய்த கடைசிப் படம் அதுவாகவே ஆகிவிட்டது.

இரண்டாம் நாள் ராத்திரி நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பட்டியலில் இல்லாத, பிற்காலத்துப் படம் ஒன்றை அத்தான் போட்டார். பெயர் வேண்டாம்; அந்த மாதிரி நூறு படங்கள் இருக்கின்றன. பெண் பார்க்கும் காட்சி. ஹாஸ்ய நடிகர் ஆவலாக உட்கார்ந்திருக்கிறார். காப்பித் தட்டோடு பெண் வருகிறாள். கறுப்பு, பருமன். அவர் மயங்கி விழுகிறார். பின்னணியில் பிளிறல் ஓசை. அத்தான் சிரித்தார். அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், கறுப்பும்தான். டம்ளரை எடுத்துக் கொண்டு உள்ளே போனவள் அன்றைக்குத் திரும்பி வரவில்லை. அத்தானின் சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு அவர் சத்தத்தைக் குறைத்தார். பிறகு டெலிவிஷனையே அணைத்துவிட்டார்.

அந்தக் காட்சியில் காப்பித் தட்டோடு வந்த நடிகைக்கு ஒரு வார்த்தை வசனம் கூட இல்லை. காளி என். ரத்னம் முட்டாள்தான், ஆனால் எஜமானுக்கு உபகாரம் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறான். பாலையா பேராசைக்காரர், பெண்களுக்கு நல்ல இடம் தேடுகிறார். 1965-இல் வந்த 'திருவிளையாட'லில் நாகேஷின் தருமிக்கு ஆயிரம் பொன் வேண்டும். கோயிலில் நின்று தனியாகப் புலம்புகிறார், நாம் சிரிக்கச் சிரிக்க அந்த ஏழைப் புலவருக்குப் பொன் கிடைத்துவிடக் கூடாதா என்று அடித்துக் கொள்கிறது. இந்தக் காப்பித் தட்டுப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று படத்தை எடுத்தவர்கள் யோசிக்கவே இல்லை. அவள் உடம்புதான் ஹாஸ்யம். அதைப் பார்த்துச் சிரித்தாயிற்று என்றால் இரண்டாவது தடவை பார்க்க அதில் ஒன்றுமே மிச்சமில்லை. இதை எழுதிய மகானுபாவருக்குச் சம்பளம் வேறு கொடுத்திருக்கிறார்கள்!

மூன்றாம் நாள் அக்கா மகளைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்தது 'தில்லு முல்லு'. ஹிருஷிகேஷ் முகர்ஜியின் 'கோல்மால்' இந்தியில் 1979-இல் வந்தது. பாலசந்தர் அதை 1981-இல் தமிழுக்குக் கொண்டு வந்தார். அதுவரை சிகரெட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்துக் கொண்டிருந்த ரஜினிகாந்த், இல்லாத தம்பி ஒருவனுக்காக மீசையை எடுத்தார். வேலை கொடுத்த முதலாளி தேங்காய் சீனிவாசனுக்கு, மீசை இல்லாத ஆண் பிள்ளையைக் கண்டால் ஆகாது. மறுபடியும் பாருங்கள்: வேலை! வேலை போய்விடுமே என்ற பயத்தில்தான் அத்தனை புளுகும். 2013-இல் அதே பெயரில் மறுபடி எடுத்தார்கள், சிவா நடித்தார். 2010-இல் 'தமிழ்ப் பட'த்தில் மற்றப் படங்களையெல்லாம் கேலி செய்து பெயர் வாங்கியவர். அந்தப் பழக்கத்தில், இதிலும் எதைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. வேலை போனால் போகட்டும் என்று இருக்கிறவர் மாட்டிக் கொண்டால் நமக்கென்ன? கோபு 1972-இல் டைரக்ட் செய்த 'காசேதான் கடவுள'டாவையும் 2023-இல் மறுபடி எடுத்தார்கள்; அதிலும் சிவா. அதைப் பற்றி எழுத இந்தப் பக்கத்தில் இடம் போதாது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

பழைய 'காசேதான் கடவுள'டாவில் மனோரமாவைப் பார்க்க வேண்டும். வீட்டுப் பணம் முழுவதும் அந்த அம்மாள் பிடியில். புருஷன், பிள்ளைகள் எல்லோரும் கையேந்தி நிற்கிறார்கள். தேங்காய் சீனிவாசன் போலிச் சாமியாராக உள்ளே நுழைகிறார். சட்டம் போடுகிற இடத்தில் ஒரு பெண்ணை உட்கார வைத்துச் சிரிப்பு மூட்டியது எனக்கு ரொம்பப் பிடித்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால், 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணியாக வந்து சிவாஜி, பத்மினி, பாலையா, நாகேஷ் இத்தனை பேர் நடுவிலும் தன் ஒரு பாத்தியதையை அவர் நிலை நாட்டிக் கொண்டார். மதுரம், ராஜகாந்தம், சரோஜா, சச்சு என்று வரிசையாகக் கெட்டிக்காரிகள் இருந்தும், முழுப் படத்தையும் ஒரு பெண்ணின் குறும்பை நம்பி எடுக்க நம்மவர்கள் சுலபத்தில் துணியவில்லை. 1967-இல் பாலசந்தரின் 'பாமா விஜயம்' மூன்று மருமகள்களை நம்பித்தான் நடக்கிறது: சௌகார் ஜானகி, காஞ்சனா, ஜெயந்தி. பக்கத்து வீட்டுக்கு வந்த சினிமா நட்சத்திரத்துக்கு ஈடு கொடுக்க வரவுக்கு மீறிச் செலவு. கணக்கு ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர் அல்லவா பாலசந்தர், பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறார்! ஆனால் உபதேசம் எல்லாம் மாமனார் பாலையா வாயிலிருந்தே வருகிறது. நட்சத்திரத்தைக் கண்டு புருஷர்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்ததற்கு யாரும் வட்டி போட்டதாகத் தெரியவில்லை.

கடைசியாகப் பார்த்தது 'முந்தானை முடிச்சு'. 1983. பாக்யராஜ். முருங்கைக்காய் என்றதும் நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது, அதை விடுங்கள். தமிழில் ஊர்வசி கதாநாயகியாக அறிமுகமான படம். பரிமளம் என்ற அந்தக் கிராமத்துப் பெண் நண்டும் சிண்டுமான பையன்களைச் சேர்த்துக் கொண்டு ஊரையே ஆட்டி வைக்கிறாள். குறும்பு செய்கிறவள் அவள். மாட்டிக் கொண்டு விழிக்கிறவர் வாத்தியார். முதல் பாதி முழுவதும் அக்கா மகள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து சிரித்தாள். வாத்தியாரைக் கல்யாணம் செய்து கொள்வதற்காகப் பரிமளம் பஞ்சாயத்தில் பெரிய பொய் ஒன்று சொல்கிறாள். கைக்குழந்தையைத் தாண்டிச் சத்தியமும் செய்து விடுகிறாள். பொய் பொல்லாத பொய்தான், ஒருவரின் மானத்தைக் கெடுத்த பொய்தான். அதற்கப்புறம் படம் அவளை விடவில்லை. தாயில்லாக் குழந்தையைத் தன் குழந்தையாக நினைக்கிறாள் என்று புருஷனுக்கு நிரூபிக்க, தனக்குப் பிள்ளையே வேண்டாம் என்று ஆபரேஷனுக்குப் போய்ப் படுக்கிற வரைக்கும் துரத்துகிறது. கடைசி நிமிஷத்தில் புருஷன் வந்து தடுக்கிறார், தியேட்டரில் கைதட்டினார்களாம்.

ரவிச்சந்திரன் கோடீசுவரன் பிள்ளை என்று பொய் சொன்னார். அவருக்குப் பெண்ணும் கிடைத்தாள், எஸ்டேட்டும் கிடைத்தது. ரஜினி இல்லாத தம்பியையும் இல்லாத அம்மாவையும் உண்டு பண்ணினார். முதலாளியின் மாப்பிள்ளை ஆனார். தங்கவேலு பைரவனானதற்கு எம். சரோஜாவிடம் திட்டு வாங்கியதோடு சரி. பரிமளத்துக்கு மட்டும் ஆஸ்பத்திரிக் கட்டில்.